அரை வயிற்றுக்குத் தண்ணீர்

1877 ஜனவரியில், சென்னை மாகாணத்தில் பஞ்ச நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும், மேல்செலவுக்கு அரையணாவும் போதும் என்று சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். சும்மா ஒரு பரிசோதனைதான் என்றார். மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்தக் கூலியில் மண் சுமந்தால் ஆள் கரைந்துதான் போவான் என்று மல்லுக்கு நின்றார். ஒரு வயிற்றுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று அரசாங்கமே பேரம் பேசிய காலம் அது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. ஆண்களில் 37. அதற்கு முந்தைய ஆய்வில் பெண்கள் 31தான்.

ஸ்ரீவைகுண்டம் இந்தக் கணக்கில் பிசகாத ஊர். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு இங்கேதான். இரண்டு பக்கமும் வாய்க்கால், நெல், வாழை. நடவுக்கு மிஷின் வந்தாச்சு, சோறு மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. எங்கள் அத்தைக்கு மூட்டு வலி, சுகர். எடையைக் குறைத்தால்தான் முட்டில் கை வைக்க முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருநாள் போனில் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏல, வயித்துக்குள்ள பலூன் வச்சா பசிக்காதாம்லா? நெசமா? ரெண்டு வளையல வச்சா துட்டு தேறுமா?"

வளையல் விஷயம் என்பதால் உட்கார்ந்து படித்தேன்.

கதை தலைமுடியில் தொடங்குகிறது. சிலருக்கு முடியைப் பிய்த்துத் தின்னும் பழக்கம் உண்டு. அது செரிக்காமல் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டுவிடும். ஆடுமாடுகளின் வயிற்றிலும் இப்படிக் கல் விளையும். பெசோவார் என்று பெயர். விஷமுறிவு என்று நம்பி அதைப் பொன்விலைக்கு வாங்கினார்கள். 1563இல் கோவாவில் அச்சான தன் மருந்து நூலில் கார்சியா த ஓர்த்தா அதைப் பற்றி எழுதியிருக்கிறார். வயிற்றில் கட்டி இருப்பவர் கொஞ்சம் சாப்பிட்டதுமே போதும் என்பார், இளைத்துப் போவார். அப்படியானால் கட்டியை நாமே வைத்தால் என்ன? 1982இல் நீபென், ஹார்போ என்ற இரண்டு டென்மார்க் மருத்துவர்கள் லான்செட் இதழில் பலூனை 'செயற்கை பெசோவார்' என்றே குறிப்பிட்டார்கள்.

1985இல் அமெரிக்காவில் கேரன்-எட்வர்ட்ஸ் பலூனுக்கு அனுமதி கிடைத்தது. உருளை வடிவம், உள்ளே 220 மில்லி காற்று. அமோக விற்பனை. கூடவே இரைப்பைப் புண், காற்று இறங்கிய பலூன் குடலில் போய் அடைத்துக்கொள்வது என்று வரிசையாகச் சிக்கல்கள்.

அதைவிடப் பெரிய அடி வேறு. சில மருத்துவர்கள் நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு நிஜ பலூன். மறுபாதிக்கு மயக்க மருந்து, வாய்வழியே குழாய் எல்லாம் உண்டு, பலூன் மட்டும் கிடையாது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. எங்கள் தொழிலில் தினமும் செய்கிற ஏ/பி டெஸ்ட்தான், ஆனால் பட்டன் நிறத்துக்குப் பதில் மனிதர்கள். முடிவு: இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இளைத்தார்கள். 1988இல் விற்பனை நின்றது.

இதற்கு நடுவில், 1987இல் ஃபுளோரிடாவின் டார்பன் ஸ்பிரிங்ஸில் நிபுணர்கள் கூடி நல்ல பலூன் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். வழவழப்பாக இருக்கணும், சீக்கிரம் கிழியக்கூடாது, காற்றுக்குப் பதில் திரவம், எக்ஸ்ரேயில் தெரிய அடையாளம். ரிலீஸ் பண்ணிவிட்டு ரிக்வயர்மென்ட் எழுதுவது எங்கள் ஆட்களின் தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன்.

அந்தப் பட்டியலில் பிறந்ததுதான் இன்றைய சிலிகான் பலூன். 400 முதல் 700 மில்லி வரை உப்புநீர், அதாவது ஏறக்குறைய அரை வயிறு. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணீர், கால் வயிறு காற்று என்பார்கள் நம் பெரியவர்கள். பலூன்காரர்கள் முதலில் காற்றை முயன்று, பிறகு தண்ணீருக்கு வந்திருக்கிறார்கள். நீரில் மெத்திலீன் நீலம் கலப்பதும் உண்டு. ஒழுகினால் சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அத்தை இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தாள்.

2015இல் அமெரிக்கா மறுபடி அனுமதி கொடுத்தது. அதற்கான ஆய்வில், ஆறு மாதத்தில் பலூன்காரர்கள் உடல் எடையில் சுமார் 10 சதவீதம் குறைந்தார்கள். உணவும் உடற்பயிற்சியும் மட்டும் என்றவர்கள் சுமார் 3 சதவீதம். ஆக, பலூன் வெறும் ஏமாற்று இல்லை. ஆனால் 2017இல் பலூன் வைத்துக்கொண்ட ஐந்து பேரின் மரணம் பற்றி அதே அமெரிக்க அமைப்பு மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. காரணம் பலூன்தான் என்று அது சொல்லவில்லை. ஐவருமே வைத்த ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள். இப்போது மாத்திரைபோல விழுங்கி, நான்கு மாதத்தில் தானே திறந்து வெளியேறும் பலூனும் வந்திருக்கிறது.

எனக்கு உறுத்துவது அந்தக் கெடு. சில மாதங்கள் ஆனதும் பலூன் வயிற்றை விட்டு வெளியேறியே ஆக வேண்டும். இரைப்பையை ஒரு பாத்திரமாக மட்டும் பார்த்தவர்களின் கருவி இது. பசியோ மூளையும் குடலும் ஹார்மோன்கள் வழியாக ஓயாமல் பேசிக்கொள்கிற பேச்சு. பாத்திரம் மறுபடி காலியானதும் அந்தப் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது, எடையும் பலருக்குத் திரும்புகிறது.

இத்தனையும் அத்தையிடம் சொன்னேன். "அப்போ எடுத்தப்புறம் என்ன செய்யணும்?" என்றாள். குறைச்சுச் சாப்பிடணும், நடக்கணும் என்றேன். "அத இப்பமே செஞ்சா வளையல் மிஞ்சும்லா," என்றாள். முட்டு வலிக்கிற மனுஷி எப்படி நடப்பாள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.