கட்ச் நிலத்தை ஆண்ட இரு விசைகள்

குஜராத்தின் மேற்கெல்லையில் அமைந்த கட்ச், பாறைத்தட்டுகள் ஒன்றையொன்று மோதும் விளிம்பில் இல்லை. அவ்விளிம்பு சில நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆயினும் 1819, 1956, 2001 என இரு நூற்றாண்டுகளுக்குள் மூன்று கொடிய நடுக்கங்களை அந்நிலம் கண்டது. காரணத்தை அந்நிலத்தின் தொல்வரலாற்றிலேயே தேட வேண்டும்.

ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருங்கண்டம் உடையத் தொடங்கியது. அன்று கட்ச்சை ஆண்டது இழுவிசை. நிலத்தோடு இழுபட்டு, கிழக்கு மேற்காக நீண்ட பிளவுகள் தோன்றின. பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலம் சரிந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் கடல் புகுந்தது. இன்று கட்ச்சின் குன்றுகளில் கிடைக்கும் அம்மோனைட்டுக் கல்லுருக்கள் அக்கடலின் சான்றுகள்.

பின்னர் இந்தியா தனித்து வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. இமயத்தை எழுப்பிய அதே மோதல் தீபகற்பத்தையும் நெருக்கியது. இழுவிசை இருந்த இடத்தில் அமுக்கவிசை வந்தது. அது புதிய பிளவுகளைத் தேடவில்லை. வலுக்குன்றிக் கிடந்த பழைய பிளவுகளே இடங்கொடுத்தன. முன்பு எவ்வழியே நிலம் சரிந்ததோ, அவ்வழியே மேலேறியது. கடலடிப் படிவுகள் குன்றுகளாயின.

இம்மேலேற்றத்தை மனிதர் நேரிற் கண்டது 1819 ஜூன் 16 அன்று. ரண் உவர்நிலத்தில் சிந்திரிக் கோட்டை நீரில் மூழ்கியது. அதற்கு வடக்கே எண்பது கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்தில் ஒரு மேடு எழுந்தது. மனிதக் கை எழுப்பாத அக்கரையை மக்கள் ‘அல்லா பந்து’ என்றனர். நிலவியல் அறிஞர் சார்லஸ் லயல் தம் ‘நிலவியல் கோட்பாடுகள்’ நூலில் அதனைப் பதிவு செய்தார்.

2001 ஜனவரி 26 அன்று மீண்டும் ஒரு பிளவு நழுவியது. அது அமுக்கத்தால் நேர்ந்த நழுவல் என்பதை நில அதிர்வலைகள் காட்டின. பூஜும் பச்சாவும் அஞ்சாரும் சிதைந்தன. ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் மடிந்தன.

கட்ச் கடும் நடுக்க மண்டலம் என்பது அதற்கு முன்பே நாட்டின் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. அறிவு ஏட்டில் இருந்தது, சுவரில் இல்லை. மண்சாந்தில் அடுக்கிய கல்வீடுகள் சரிந்தன. தொலைவிலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் வீழ்ந்தன. ‘புங்கா’ எனப்படும் வட்டவடிவ மண்குடில்களோ பெரும்பாலும் தாங்கி நின்றன.

விசை மாறக் கோடி ஆண்டுகள் ஆகின்றன. அது வெளிப்படச் சில நொடிகளே போதும். அந்நொடிகளுக்கு ஏற்ற சுவரை முன்னரே எழுப்புவது ஒன்றே மனிதர் கையில் உள்ளது.