மறுக்கப்பட்ட படகுகளும் ஹைஃபாவின் ரெஷெஃபும்

ஆயுதங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே எழுதப்படுகிறது. ஓர் ஆயுதம் எந்த நெருக்கடியில் பிறந்தது, பிறகு யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாம் கேட்பது குறைவு. 'உள்நாட்டிலேயே கட்டப்பட்டது' என்ற பெருமிதத்தோடு நீரில் இறக்கப்படும் போர்க்கலங்களைப் பற்றி இக்கேள்வி அவசியம் கேட்கப்பட வேண்டும். இஸ்ரேலியக் கடற்படையின் ரெஷெஃப் வகை ஏவுகணைப் படகுகளை முன்வைத்து அதைச் சற்றே யோசித்துப் பார்ப்போம்.

1967 அக்டோபர் 21 அன்று, எகிப்தின் போர்ட் சயித் அருகே ரோந்து சென்றுகொண்டிருந்த எய்லாட் என்ற இஸ்ரேலிய நாசகாரிக் கப்பல் மூழ்கியது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பழைய பிரிட்டிஷ் கப்பல். அதை வீழ்த்தியவை துறைமுகத்தில் நின்றிருந்த, நூறு டன்கூட இல்லாத கோமார் வகைப் படகுகள். சோவியத் நாடு எகிப்துக்குக் கொடுத்தவை. அவற்றிலிருந்து பாய்ந்த ஸ்டிக்ஸ் ஏவுகணைகளுக்கு 47 மாலுமிகள் பலியானார்கள். கப்பலிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டது அதுவே முதல்முறை.

இந்தத் தோல்வியே இஸ்ரேலை ஏவுகணைப் படகுகளை நோக்கித் திருப்பியது என்று எழுதப்படுவதுண்டு. காலவரிசை வேறுவிதமாக இருக்கிறது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் போக எஞ்சியதே கடற்படையின் பங்கு. புதிய பெரிய கப்பல்களை வாங்க அதனிடம் வசதி இல்லை. எனவே 1960களின் தொடக்கத்திலேயே யோஹாய் பின்-நுன், ஷ்லோமோ எரெல் போன்ற தளபதிகள் சிறிய படகில் பெரிய ஏவுகணையை ஏற்றும் எண்ணத்துக்கு வந்துவிட்டார்கள். காப்ரியேல் என்ற ஏவுகணை உள்நாட்டில் உருவாகிக்கொண்டிருந்தது. எய்லாட்டின் முடிவு அந்த வேலையின் வேகத்தைக் கூட்டியது.

ஆனால் படகு? அதன் மூல வடிவம் ஜெர்மனியின் லூர்சென் நிறுவனத்துடையது; யாகுவார் வகை டார்பிடோ படகின் வழிவந்தது. அரபு நாடுகளின் எதிர்ப்பால் மேற்கு ஜெர்மனி பின்வாங்க, கட்டும் பணி பிரான்சின் செர்பூர்க் நகருக்குப் போனது. பன்னிரண்டு படகுகளுக்கு ஒப்பந்தம். 1968 டிசம்பரில் இஸ்ரேல் பெய்ரூட் விமான நிலையத்தைத் தாக்கியதும் பிரெஞ்சு அதிபர் டி கோல் முழு ஆயுதத் தடையை விதித்தார். ஐந்து படகுகள் செர்பூர்க்கில் சிக்கிக்கொண்டன. 1969 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், நார்வேயைச் சேர்ந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு போலி நிறுவனத்தின் பெயரில் அவை துறைமுகத்தை விட்டு நழுவி, ஆண்டின் கடைசி நாளில் ஹைஃபாவை அடைந்தன.

உலகம் அதை ஒரு சாகசக் கதையாக வாசித்தது. பன்னிரண்டு படகுகள் வந்துவிட்டன. பதின்மூன்றாவதற்கு யாரிடம் போவது? இதுவே கடற்படையின் முன் நின்ற கேள்வி. அதற்கான விடை ஹைஃபாவின் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. செர்பூர்க் படகுகள் 45 மீட்டர் நீளம் கொண்டவை. ஹைஃபாவில் கட்டியது 58 மீட்டர். 1973 பிப்ரவரியில் முதல் படகு நீரில் இறங்கியது. ரெஷெஃப் என்பது அதன் பெயர்; எபிரேயத்தில் சுவாலை என்று பொருள். எனினும் அதன் டீசல் எந்திரங்கள் ஜெர்மானியவை, பீரங்கிகள் இத்தாலியவை. அப்படியானால் அதில் உள்நாட்டுடையது எது?

விடை ஓர் இடைவெளியில் இருக்கிறது. ஸ்டிக்ஸ் சுமார் 40 கிலோமீட்டர் பாயும். காப்ரியேல் அதில் பாதிதான். எதிரியைத் தாக்கும் தூரத்தை எட்டும் முன் இருபது கிலோமீட்டரை வெறுங்கையோடு கடந்தாக வேண்டும். வருகிற ஏவுகணையின் ரேடார் கண்ணை ஏமாற்ற உலோக இழைகளைக் காற்றில் தூவுவதும், பொய்யான மின்காந்த அலைகளை எழுப்புவதுமே வழி. எய்லாட்டைக் கொன்ற ஏவுகணை எப்படிப் பார்க்கிறது என்பதை ஊகித்து உருவாக்கிய உபாயங்கள் இவை. 1973 அக்டோபர் போரின் முதலிரவில், சிரியாவின் லடாக்கியா அருகே, ரெஷெஃப் உள்ளிட்ட ஐந்து படகுகள் அந்த இடைவெளியைக் கடந்தன. சிரியாவின் ஐந்து கலங்கள் அழிந்தன. இஸ்ரேலுக்கு ஒரு படகும் இழப்பில்லை. சிரிய மாலுமிகளின் சாவும் இக்கணக்கில் சேர்ந்ததே.

அதற்குப் பிந்தைய கதையையே நாம் முக்கியமாகக் கருதுகிறோம். ஆயுதத் தடையால் பிறந்த இப்படகு, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு விற்கப்பட்டது. மூன்று படகுகள் ஹைஃபாவிலும் ஆறு டர்பனிலும் கட்டப்பட்டன. 1977இல் அந்நாட்டின் மீது ஐ.நா. கட்டாய ஆயுதத் தடை விதித்த பிறகும் டர்பனில் வேலை நிற்கவில்லை. 2000ஆம் ஆண்டில் இரண்டு படகுகள், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த இலங்கையின் கடற்படைக்கு வந்தன. நந்திமித்ர, சூரநிமல என்று பெயர் சூட்டப்பட்டன. இவை எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் வீரர்களாக மகாவம்சம் சொல்லும் பெயர்கள். மத்தியதரைக் கடலில் ஒரு சிறிய தேசத்தின் தற்காப்பாக எண்ணப்பட்ட கலம், இந்தக் கடலில் ஒரு தமிழ் மீனவனின் கண்ணுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும்?

சக்கரம் ஹைஃபாவுக்கும் திரும்பி வந்தது. 2006 ஜூலை 14 அன்று, ஹெஸ்புல்லா கரையிலிருந்து ஏவிய ஏவுகணை ஹனித் என்ற இஸ்ரேலியக் கப்பலைத் தாக்கி நால்வரைக் கொன்றது. லடாக்கியாவில் போரிட்ட ஐந்து படகுகளில் ஒன்றின் பெயர் அது. புதிய ஹனித் அமெரிக்காவில் கட்டப்பட்டது. அதன் தற்காப்புக் கருவிகள் அன்று இயக்கத்தில் இல்லை. அதற்கடுத்த தலைமுறைக் கப்பல்களை இஸ்ரேல் ஜெர்மனியிலேயே கட்டி வாங்கியது. உடலும் எந்திரமும் எங்கும் கிடைக்கும். 47 பேரின் சாவு கற்பித்த விழிப்பை ஒவ்வொரு தலைமுறையும் தானே மீண்டும் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது. உள்நாட்டில் மட்டுமே செய்யக்கூடியது அது ஒன்றுதான்.