பெட்டியடிப் பையன்

நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகளில் தொழில் பழகச் சேர்ந்த இளைஞனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். பணப்பெட்டியை ஒட்டியிருந்து ஏவிய வேலையைச் செய்ததால் இப்பெயர் வழங்கிற்று. 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் இரண்டாம் உலகப்போர் வரை இலங்கை, பர்மா, மலாயா, சிங்கப்பூர் ஆகிய இடங்களில் நகரத்தார் நடத்திய கடைகளில் இவ்வழக்கம் செழித்திருந்தது. பிழைப்புக்காகக் கடல் கடப்பதைச் செட்டிநாட்டில் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். மனிதரோடு பழகும் திறனைத் தொழிலின் முதல் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு இது.

கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிகள் இருந்தன. இவர்களோடு சமையற்காரரும் உண்டு. முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருப்பார். மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வந்துசேரும் கடிதங்களையும் ஐந்தொகையையும் கொண்டே கடையைக் கண்காணிப்பார். வேலைக்குச் சேரும்போது எழுதுவது சம்பளச் சீட்டு. வழக்கமான தவணை மூன்று ஆண்டு. வீட்டுச் செலவுக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்னதாகவே கொடுத்துவிடுவார்கள். மேலாளுக்கு லாபத்திலும் ஒரு பங்கு கிடைக்கும். மனைவி மக்களை ஊரில் விட்டுத்தான் போக வேண்டும்.

பையன் கப்பலேறும் முன்பே எண்சுவடி மனப்பாடமாகியிருக்கும். ஒன்றில் 320இல் ஒரு பங்கான முந்திரி வரை பின்னங்கள் வாயில் வர வேண்டும். ஆனால் கணக்கு மட்டும் தெரிந்தவனை யாரும் அடுத்தாளாக்கவில்லை. விடிகாலையில் கடையைக் கூட்டுவது, வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பது, கடிதம் கொண்டுபோவது, தவணை கடந்தவரிடம் நினைவூட்டி வருவது என எல்லாமே பயிற்சிதான். பணம் கேட்டுப் போன இடத்தில் குரல் உயரக் கூடாது. வெறுங்கையோடும் திரும்பக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேரச் செய்யப் பழகுவதற்குள் மீசை முளைத்துவிடும்.

பயிற்சியின் களம் கிட்டங்கி. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் இருந்த கிட்டங்கிகள் நீண்ட கூடங்கள். ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள், நடுவே சுவர் கிடையாது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு பாய், எழுதச் சிறு சாய்வுப் பலகை, அவ்வளவே. ஒரு மேலாள் கடன் கேட்டு வந்தவரிடம் என்ன பேசுகிறார், எப்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பேரேட்டைப் பார்க்கிறார் என்பதை நாலு பாய் தள்ளி இருக்கும் பையனும் கேட்டுக்கொண்டிருப்பான். கடுஞ்சொல் சொன்னால் கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். மனம் நொந்த வாடிக்கையாளருக்கு அடுத்த பாயில் உட்கார நெடுநேரம் ஆகாது. கண்ணாடி அறைக்குள் நடக்கும் இக்காலப் பயிற்சி வகுப்புகளால் இதைத் தர முடியாது.

கடன் கேட்பவரை எடைபோடுவது மேலாளின் தலையாய வேலை. நிலம், நகை, கையெழுத்து ஆகியவற்றைவிட அவர் இதற்கு முன் யாரிடம் வாங்கினார், எப்படித் திருப்பினார் என்ற விசாரணையே முக்கியமாகக் கருதப்பட்டது. பர்மாவில் தொழில் செய்தவர்கள் பர்மியமும் மலாயாவில் இருந்தவர்கள் மலாயும் பேசப் பழகினர். கீழ்ப் பர்மாவில் மக்கள் நிறைந்த பகுதிகளில் எந்த உழவரும் ஒரு நாள் பயணத்தில் செட்டியார் ஒருவரை அடையலாம் என்ற நிலை இருந்ததை 1930இல் வெளியான பர்மா வங்கி விசாரணைக் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

கடைகளுக்குள் பிணக்கு வந்தால் கோயிலில் கூடிப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூர் டாங்க் சாலையில் 1859இல் எழுந்த தெண்டாயுதபாணி கோயில் அத்தகைய கூடுமிடம். ரங்கூனில் வட்டி விகிதத்தையும் கோயிலில் கூடியே முடிவு செய்தனர். பேரேட்டில் கடவுள் பெயரிலும் கணக்கு உண்டு. அறத்துக்கு ஒதுக்கும் மகமைப் பணம் அதில் ஏறும். நாணயம் தவறியவனுக்கு மறுபடி சம்பளச் சீட்டு கிடைப்பது அரிது.

1930களில் நெல்விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாதபோது கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம் சுமார் 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடானது. வட்டிக்காரர் நிலம் பறித்தார் என்ற பழி இதிலிருந்து பிறந்தது. ஆனால் பணம் திரும்புவதையே விரும்பியவர்களுக்கு நிலம் ஒரு சுமையாகவே வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியர் படையெடுப்போடு பர்மாக் கடைகள் மூடின.

இந்த மரபில் வந்த ஏ. எம். முருகப்ப செட்டியார் 1900இல் பர்மாவில் தொடங்கிய தொழிலே இன்றைய முருகப்பா குழுமம். அதே மரபில் வந்த எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் தொடங்கினார்.

இன்று பெட்டியடி வழக்கம் இல்லை. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பழைய சம்பளச் சீட்டுகளும் பேரேடுகளும் செட்டிநாட்டு வீடுகளின் பரண்களில் கிடக்கின்றன. உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம்.