பாதுகாப்புத் தொழில்நுட்ப ஹேக்கத்தான்

முப்படைகளின் தேவைக்கு ஒரு கருவியையோ மென்பொருளையோ, சிறு குழுக்களாகக் கூடி, ஓரிரு நாட்களுக்குள் மாதிரியாகச் செய்து காட்டும் போட்டி. வழக்கமாக வெள்ளி மாலை தொடங்கி ஞாயிறு பிற்பகல் முடியும். மாணவர்கள், இளம் பொறியாளர்கள், தொழில்முனைவோர் ஆகியோருடன் பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற படை அலுவலர்களும் வழிகாட்டிகளாகவோ நடுவர்களாகவோ இடம்பெறுவர். இந்தியாவில் இது அரசுத் திட்டங்களோடு இணைந்தே வளர்ந்துள்ளது.

தோற்றம்

முதல் ஹேக்கத்தான் 1999 ஜூன் 4 அன்று கனடாவின் கால்கரி நகரில் நடந்தது. ஓப்பன்பிஎஸ்டி என்னும் இயங்குதளத்தை உருவாக்கிவந்த 10 நிரலாளர்கள் ஓரிடத்தில் அமர்ந்து மறையாக்க மென்பொருள் எழுதினர். கனடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வலுவான மறையாக்கத்தை அமெரிக்கச் சட்டம் 1996 வரை படைக்கலப் பட்டியலிலேயே வைத்திருந்தது. பட்டியல் மாறிய பிறகும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு நீடித்தது. அமெரிக்க மண்ணில் எழுதியதை அனுமதியின்றி உலகுக்குக் கொடுக்க முடியாது; கால்கரியில் எழுதினால் கொடுக்கலாம். அதே மாதம் 15 முதல் 19 வரை நடந்த ஜாவாஒன் மாநாட்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனமும் இதே பெயரில், பாம் கையடக்கக் கணினிக்கு நிரல் எழுதும் போட்டி ஒன்றை நடத்தியது. அது இரண்டாவதே. ஹேக்கத்தான் வணிக உலகில் பிறந்து, பின்னர்தான் பாதுகாப்புத் துறைக்குள் வந்தது என்று சொல்வது வழக்கம். கால்கரி நிகழ்வு அதை மறுக்கிறது. முதல் கூட்டத்தை அங்கே கொண்டுபோனதே ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தின் தொடர்ச்சிதான்.

படைத்துறை தன் கேள்வியைப் பொதுமக்கள் முன் வைத்து விடை கேட்கும் முறையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனமான டார்பா பரவலாக்கியது. ஓட்டுநரின்றிப் பாலைவனத்தைக் கடக்கும் வண்டிக்கு அது 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. 2004 மார்ச் 13 அன்று மொஹாவி பாலைவனத்தில் நடந்த ஓட்டத்தில் ஒரு வண்டிகூட எல்லையைத் தொடவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்று நின்றதே அன்றைய சாதனை. மறு ஆண்டு அக்டோபரில் ஐந்து வண்டிகள் முழுத் தொலைவையும் கடந்தன. ஸ்டான்போர்டின் ‘ஸ்டான்லி’ 20 லட்சம் டாலரை வென்றது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இந்த மாற்றத்தை, ஹேக்கத்தான் நடத்துவோர் மனத்தில் இருத்த வேண்டும். முதல் சுற்றில் தோற்றவர்களை இரண்டாம் சுற்றுக்கு அழைக்காத போட்டியால் பயன் குறைவு.

2016இல் ‘ஹேக் த பென்டகன்’ வந்தது. பதிவு செய்த 1,400க்கும் மேற்பட்டோர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் இணையதளங்களை அத்துறையின் அனுமதியுடனே சோதித்து, 138 பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டறிந்தனர். பொதுமக்களிடம் விடை கேட்கும் இந்த முறைக்கு யுக்ரேன் போர் புதிய வேகம் கொடுத்தது. 2024இல் கலிபோர்னியாவின் எல் செகுண்டோவிலும் ஜெர்மனியின் மியூனிக்கிலும் வார இறுதிப் பாதுகாப்பு ஹேக்கத்தான்கள் நடந்தன. ரேடியோ இடையூறுக்கு நடுவில் ட்ரோனை வழிதவறாமல் பறக்க வைப்பது எப்படி என்பது போன்ற, போர்முனையிலிருந்து நேராக வந்த கேள்விகள் இத்தகைய போட்டிகளில் இடம்பெறுகின்றன.

இந்தியாவில்

2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான், 36 மணி நேர இறுதிச்சுற்றைக் கல்லூரி மாணவர்களுக்குப் பழக்கப்படுத்தியது. பாதுகாப்புத் துறைக்கான திருப்பம் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. 2018 ஏப்ரல் 12 அன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள திருவிடந்தையில் நடந்த பாதுகாப்புக் கண்காட்சியில் பாதுகாப்புப் புத்தாக்கத்துக்கு நிதியுதவும் ‘ஐடெக்ஸ்’ திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோதி தொடங்கிவைத்தார். இதை நடத்தும் பாதுகாப்புப் புத்தாக்க அமைப்பு, ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்ஏஎல்), பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களின் நிதியில் உருவானது. அதே ஆண்டு ஆகஸ்டில், புத்தொழில் நிறுவனங்களுக்கான முதல் ‘டிஸ்க்’ போட்டி 11 சிக்கல்களுடன் அறிவிக்கப்பட்டது.

இப்போட்டிகளை மூவகையாகப் பிரிக்கலாம். படையே கேள்வியை எழுதி, வென்றால் வாங்குவதாகவும் சொல்லும் போட்டிகள் முதல் வகை. டிஸ்க் இதில் அடங்கும். விமானப்படை 2018 அக்டோபரில் அறிவித்த மெஹர் பாபா போட்டியும் அப்படியே. 1948இல் லே பள்ளத்தாக்கில் முதன்முதலாக விமானத்தை இறக்கிய ஏர் கமடோர் மெஹர் சிங்கின் செல்லப்பெயரைத் தாங்கிய அது, பேரிடர் உதவிக்காகக் கூட்டமாகப் பறக்கும் ட்ரோன்களைக் கேட்டது. இரண்டாம் வகை, கேள்வியையும் பங்கேற்பவரே கொண்டுவருவது. அப்துல் கலாமின் பிறந்தநாளை ஒட்டி 2018இல் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ தொடங்கிய ‘டேர் டு ட்ரீம்’ இவ்வகை. மூன்றாவது, திறமைசாலிகளைக் கண்டறிவதற்கென்றே நடப்பது. இந்திய இராணுவம் 2021 அக்டோபர் முதல் டிசம்பர் வரை மோவ் நகரின் இராணுவத் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரி வழியே நடத்திய ‘சைன்ய ரணக்ஷேத்ரம்’ என்ற சைபர் போட்டியை இங்கே வைக்கலாம். வார இறுதிப் போட்டிகள் மூன்று வகையிலும் உண்டு என்றாலும், அவற்றின் இயல்பான இடம் மூன்றாம் வகையே.

நடைமுறை

முதல் மாலை சிக்கலை வாசிப்பதிலும் குழு சேர்ப்பதிலும் கழியும். அனுபவமுள்ள குழு அன்றிரவே சாலிடரிங் அயர்னைக் கையில் எடுப்பதில்லை; கருவியைப் பயன்படுத்தப் போகும் படைவீரர் எந்தக் குளிரில், எத்தனை கிலோ சுமையோடு, கையுறை போட்ட விரலால் அதை இயக்குவார் என்று வழிகாட்டியிடம் கேட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை வேலை நாள். ட்ரோன் குழுவின் மேசையில் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, ஜிபிஎஸ் தொகுதி, கேமரா, லித்தியம் பாலிமர் பேட்டரிகள் கிடக்கும். இந்தப் பேட்டரி வீங்கினால் தீப்பிடிக்கக்கூடும் என்பதால், சார்ஜ் ஏற்றும் மேசையைத் தனியே வைத்து, அருகில் மணல் வாளியும் வைப்பது நல்லது. ஞாயிறு முற்பகல் செயல்முறை விளக்கம்.

வெடிபொருள், துப்பாக்கி போன்றவை இங்கே இடம்பெறுவதில்லை. அவற்றுக்கு உரிமமும் சோதனைக் களமும் வேண்டும். ட்ரோனுக்கும் வரம்பு உண்டு. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கின்றன; சிவப்பு மண்டலத்தில் ஒன்றிய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடாது.

திருவாலங்காட்டு வட்டாரம்

இத்தகைய போட்டியை நடத்த ஏற்ற இடங்களுள் ஒன்று, திருத்தணி வட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காடு. அது சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் அமைந்துள்ளது. காரைக்கால் அம்மையார் வழிபட்ட இரத்தின சபையால் பெயர்பெற்ற இவ்வூரில் 1905இல் கிடைத்த முதலாம் இராசேந்திரனின் செப்பேடுகள், 31 ஏடுகள் கொண்டவை. அவன் கடல் கடந்து கடாரம் கொண்ட செய்தி அவற்றில் உண்டு. தமிழரின் கடற்படை வலிமைக்குச் சான்றான அந்த ஏடுகள் கிடைத்த ஊருக்கு அடுத்தே, அரக்கோணத்தில், இன்று கடற்படையின் ‘ராஜாளி’ விமானத்தளம் இயங்குகிறது. 1992 மார்ச்சில் பணியில் சேர்க்கப்பட்ட இத்தளத்தின் ஓடுதளம் 4,000 மீட்டருக்கும் மேல் நீளமானது. பி-8ஐ கடல் கண்காணிப்பு விமானங்கள் இங்கிருந்தே பறக்கின்றன. 2020 முதல் ஆளில்லா சீ கார்டியன் விமானங்களும் பறந்துவருகின்றன. அதே பாதையில் சென்னைப் பக்கம் உள்ள ஆவடியில், 1961இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையும், அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் வாகன ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. டாங்கி செய்யும் ஊருக்கும் ஆளில்லா விமானம் பறக்கும் ஊருக்கும் நடுவே, ஒரே ரயில் பாதையில் உள்ள இந்த வட்டாரம் இத்தகைய போட்டிக்கு மிகப் பொருத்தமானது. கேள்வி கேட்கும் படையினரும் விடை தேடும் பொறியியல் மாணவர்களும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக் குழுக்கள்

சென்னை எம்ஐடி வளாகத்தின் தக்‌ஷா குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ உதவி ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. சென்னையின் பிக் பேங் பூம் சொல்யூஷன்ஸ் நிறுவனம் ஐடெக்ஸ் வழியே ட்ரோன் எதிர்ப்பு அமைப்பை உருவாக்கி, விமானப்படையிடமும் இராணுவத்திடமும் ஒப்பந்தம் பெற்றது.

இன்றைய நிலை

ஐடெக்ஸ் நிதியுதவி 1.5 கோடி ரூபாயில் தொடங்கி, ‘பிரைம்’ பிரிவில் 10 கோடி, 2024இல் வந்த ‘அதிதி’யில் 25 கோடி வரை உயர்ந்துள்ளது. நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும் என்பதால் மாணவர் குழுக்களுக்கு இது இன்னும் எட்டாக்கனியே. வார இறுதியில் வென்ற மாதிரியைக் களச் சோதனை வரை கொண்டுபோக, மாணவர்களுக்கெனச் சிறு நிதி ஒன்றை அரசு தனியே ஒதுக்க வேண்டும். களச் சோதனைக்கான இடத்தைப் பொறுத்தவரை, சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி ஆகிய ஐந்து மையங்களைக் கொண்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் கீழ், ஆளில்லா வான்கலங்களுக்கான பொதுச் சோதனை மையம் திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் திட்டமிடப்பட்டுள்ளது.