1799: அழிக்கப்பட்ட ஊரும் முதல் ஊரும்

கோவில்பட்டி பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு பாஞ்சாலங்குறிச்சி என்றாலே ஸ்கூல் டூர்தான். ஒட்டப்பிடாரம் தாண்டினதும் கரிசல் காடு, தலைக்கு மேல வெயில், 1974-ல் தமிழக அரசு கட்டுன நினைவுக் கோட்டை, டிபன் பாக்ஸ்ல புளிசாதம். நானும் அப்படித்தான் போனேன். கட்டபொம்மன் எங்க ஊர்க்காரர்ங்கிற பெருமையோட திரும்பி வந்தேன்.

அப்புறம் காலேஜ்ல ஒருநாள் ஒரு நண்பன் கேட்டான்: “நீங்க வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிடுறவங்க. உங்களுக்கு எதுக்குடா கட்டபொம்மன்?” சிரிச்சுக்கிட்டேதான் கேட்டான், நானும் சிரிச்சு வச்சேன். ஆனா என்கிட்ட பதில் இல்லை. அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

1799 செப்டம்பர் 5. மேஜர் பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்குது. அக்டோபர் 16, கயத்தாறுல கட்டபொம்மனைத் தூக்குல போடுறாங்க. தம்பி ஊமைத்துரையை பாளையங்கோட்டைச் சிறையில அடைக்கிறாங்க. 1801 பிப்ரவரியில அவர் தப்பிச்சு வந்து, இடிஞ்ச கோட்டையைத் திரும்ப எழுப்புறார். மே மாசம் அதுவும் விழுந்துடுது. அதோட கும்பெனிக்காரங்க விடலை. கோட்டையைத் தரைமட்டமாக்கி, ஊர்ப் பேரையே பதிவேடுகள்ல இருந்து நீக்கச் சொன்னாங்க.

அதே 1799-ல, அங்கிருந்து தெற்கே சாத்தான்குளம் பக்கத்துல, செம்மண் தேரிக்காட்டுல ஒரு புது ஊர் உருவாகுது. அதுக்கு முதலூர்னு பேர் வைக்கிறாங்க.

அந்த ஊரை உண்டாக்கினவர் தாவீது சுந்தரானந்தம். அந்தப் பக்கத்துக்காரர்தான், தஞ்சாவூர்ல கிறிஸ்தவரானவர். சத்தியநாதன் என்ற தமிழ் குருவோட சேர்ந்து சொந்த மண்ணுக்குத் திரும்பி வந்து, உபதேசியாரா வேலை செஞ்சார். அவங்க பேச்சைக் கேட்டு மதம் மாறினவங்க பெரும்பாலும் பனையேறிக் குடும்பங்கள். ஊருக்குள்ள எதிர்ப்பு கிளம்புச்சு. கோயில் வரி கொடுக்க மாட்டேன், பழைய ஊழியம் செய்ய மாட்டேன்னு அடிமட்டத்துல இருக்கிறவன் சொன்னா மேல இருக்கிறவங்க சும்மா இருப்பாங்களா? ஜெபக் குடிசைகளை இடிச்சாங்க, கொளுத்தினாங்க. துரத்தப்பட்டவங்க தங்குறதுக்காக வாங்கின நிலம்தான் முதலூர்.

அப்போ கும்பெனி இவங்களைக் காப்பாத்தலையா? அங்கேதான் என் நண்பனோட கேள்வி சிக்கலாகுது. கும்பெனிக்கு வியாபாரமும் வரியும்தான் முக்கியம். மதம் மாத்துறவங்க கலகத்தைக் கிளப்பிடுவாங்களோன்னு அதுக்கு பயம். சுவார்ட்ஸ் ஐயர் மாதிரி சிலரை அனுமதிச்சாங்க, அவ்வளவுதான். வில்லியம் கேரி டேனிஷ்காரர்களோட செராம்பூர்லதான் தங்க வேண்டியிருந்தது. 1813 சாசனச் சட்டத்துக்குப் பிறகுதான் மிஷனரிகளுக்குக் கதவு திறந்தது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காம சொல்லணும். முதலூர் நிலத்துக்குப் பண உதவி செஞ்சவர் எவரெட்னு ஒரு ஆங்கிலேயக் கேப்டன். பாளையங்கோட்டையில 1785-ல் கோயில் கட்டின குளோரிந்தா ஒரு ஆங்கிலேய அதிகாரியோட வாழ்ந்தவங்க. அந்தக் கோயில் இருந்த அதே கோட்டைக்குள்ளதான் ஊமைத்துரையும் சிறையில இருந்தார். ஆக, கும்பெனியோட நிழல் இந்தக் கதையில விழவே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா குடிசை எரியிற ராத்திரியில அந்த நிழல் யாருக்கும் உதவலை.

அப்போ அவங்க கையில என்ன இருந்தது? வேதப்புத்தகம். அதுவும் எல்லார் கையிலயும் இல்லை. தமிழ்ல புதிய ஏற்பாடு 1715-லயே தரங்கம்பாடியில அச்சாகியிருந்தாலும், படிக்கத் தெரிஞ்சவங்க ரொம்பக் கம்மி. உபதேசியார் வாசிப்பார், மத்தவங்க கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்குவாங்க.

அந்தக் காதுகளோட நாமளும் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம். எகிப்துல செங்கல் அறுத்த அடிமைகள் ராத்திரியோட ராத்திரியா வெளியேறுறாங்க. ராஜாவுக்கு பயந்து தாவீது குகையில ஒளியிறார், அங்கிருந்தே கடவுள்கிட்ட முறையிடுறார். பிறந்த குழந்தையைத் தூக்கிக்கிட்டு மரியாளும் யோசேப்பும் ஊரைவிட்டு ஓடுறாங்க. வீட்டை இழந்துட்டு தேரி மணல்ல உட்கார்ந்திருக்கிற ஒருத்தருக்கு இது தூரதேசத்துக் கதையா இருந்திருக்குமா? “இது நம்ம கதைதானே”ன்னு தோணியிருக்கும். கடவுள் துரத்துறவன் பக்கம் இல்லை, ஓடுறவன் பக்கம் இருக்கார்னு முதல் தடவையா ஒரு புத்தகம் அவங்களுக்குச் சொல்லுச்சு.

அவங்க அதைக் கேட்டதோட நிறுத்திக்கலை. அந்தக் கதையை மண்ணு மேலயே எழுதினாங்க. முதலூருக்கு அப்புறம் அதே வட்டாரத்துல பெத்லகேம் வந்துச்சு, நாசரேத் வந்துச்சு. இன்னைக்கும் திருச்செந்தூர் ரயில்ல போனா நாசரேத்னு ஒரு ஸ்டேஷன் வரும். அந்தப் பேரை வச்சது மிஷன்தான். ஆனா அதைத் தன் ஊராச் சொல்லி, இருநூறு வருசம் வாழ்ந்து நிலைக்க வச்சது அந்த ஜனங்க.

தாவீது சுந்தரானந்தம் 1806-ல் இறந்துட்டார். விஷம் வச்சுக் கொன்னாங்கன்னு சபை வழக்கு சொல்லுது. ஊர் மட்டும் நின்னுடுச்சு.

போன மாசம் மறுபடியும் பாஞ்சாலங்குறிச்சி போயிருந்தேன். இடிஞ்ச கோட்டையோட அடித்தளத்துப் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னேன். கும்பெனி இந்தப் பேரை அழிக்கப் பார்த்தது. கும்மிப்பாட்டுலயும் கதைப்பாட்டுலயும் அதைக் காப்பாத்தி வச்சது இந்தக் கரிசல் ஜனங்க. தெற்கே இன்னொரு கூட்டம், தன்னோட குடிசையை எரிச்சவங்களுக்கு நடுவுல, சங்கீதத்தையும் யாத்திராகமத்தையும் சொல்லிச் சொல்லித் தன்னைக் காப்பாத்திக்கிச்சு. அந்த ரெண்டு கூட்டத்துக்கும் நான் பேரன்தான்.

எங்க ஆச்சி தினமும் விடியக்காலையில விளக்கு வச்சு சங்கீதம் வாசிப்பாங்க. “அதே பாட்டை எதுக்கு ஆச்சி திரும்பத் திரும்ப வாசிக்கிறீங்க?”ன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன். “பயம் தினமும் வருதுல்லாடே”ன்னு சொன்னாங்க.

அந்த நண்பனுக்கு இந்த எபிசோடை அனுப்பப் போறேன். அடுத்த தடவை பாஞ்சாலங்குறிச்சி போறவங்க, நேரம் இருந்தா அப்படியே முதலூருக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.