கைராசியும் பதிவேடும்

ஒரு டாக்டரைப் பற்றி மதுரையில் "கைராசிக்காரர்" என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் அவரைப் பற்றி விசாரிக்க வேண்டியதில்லை என்று அர்த்தம். அவர் எங்கே படித்தார், எத்தனை வருஷம் படித்தார், படித்துத் தேறினாரா என்பதெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஜுரத்தில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இதைத்தான். "அவருகிட்டப் போங்க தாயி, கைராசியான மனுஷன். எம் பேரப்புள்ளைக்கு அவருதான் பாத்தாரு." பெரியாரைப் பற்றியும் பெருமாளைப் பற்றியும் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பேர்கூட இந்தச் சிபாரிசை மட்டும் ஒருவரிடமிருந்து ஒருவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

பழைய நாளில் இது பெரும்பாலும் போதுமானதாகவே இருந்தது. பிள்ளை வைத்தியம் நம்மிடையே தனி வித்தை. குழந்தை நோய்களுக்கென்றே 'பாலவாகடம்' என்ற பெயரில் நூல்கள் உண்டு. மாந்தம், கணை, அக்கரம் என்று நோய்களைப் பிரித்து, அழுகையையும் நாக்கையும் மலத்தையும் பார்த்தே சொல்லிவிடுகிற வைத்தியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால் வீட்டிலே பாட்டி இருந்தாள். உரைகல்லில் ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், வசம்பு இவற்றை இழைத்து நாக்கில் தடவிவிடுவாள். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். இருட்டின பிறகு அதை வசம்பு என்று சொல்லக்கூடாது, 'பேர் சொல்லாதது' என்றுதான் சொல்ல வேண்டும். வைத்தியருடைய தகுதியைச் சரிபார்க்க யாரும் சென்னைப்பட்டணத்துக்கு எழுதிக் கேட்கவில்லை. அவருடைய தகப்பனாரை ஊருக்குத் தெரியும், பாட்டனாரையும் தெரியும். தவறு செய்தால் மறுநாள் அதே தெருவில்தான் அவர் நடக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அது ஒரு பொற்காலம் என்று பெருமூச்சு விட வேண்டாம். 1937இல் பிரிட்டிஷ் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 ஒரு வயது முடியுமுன்பே இறந்துபோயின. 1946இல் அறிக்கை கொடுத்த போர் கமிட்டி எழுதிவைத்த கணக்கு இது. இந்நாட்டில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறையப் பாதி பத்து வயதுக்கு உட்பட்டவர்களுடையது என்றும், இங்கிலாந்தில் அது பத்தில் ஒரு பங்குதான் என்றும் அதே கமிட்டி சொல்லிற்று. நம் பாட்டிமார் பெற்றது எட்டு, பிழைத்தது நாலு என்று சாதாரணமாகச் சொல்வார்களே, அந்தப் பேச்சைத்தான் கமிட்டிக்காரர்கள் எண்ணாக எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2020ஆம் வருஷக் கணக்குப்படி அந்த 162, 13ஆகக் குறைந்திருந்தது. இடையில் நடந்தது சின்ன விஷயமல்ல.

மதுரையில் அமெரிக்க மிஷன் 1834இலேயே வந்துவிட்டது. ஆனால் தாய்மார்கள் வெள்ளைக்கார ஆண் டாக்டரிடம் போவதற்குத் தயங்கினார்கள். 1885இல் பாலின் ரூட் என்ற பெண் டாக்டரும், அவருக்குப் பின் 1895இல் ஹாரியட் பார்க்கரும் வந்த பிறகுதான் தாய்மார் துணிந்தார்கள்; தாய்மாருடன் இடுப்புக் குழந்தைகளும் வந்தன. 1888இல் வந்த டாக்டர் வான் ஆலனுடைய பெயரைக் கோடைக்கானல் ஆஸ்பத்திரி இன்றும் தாங்கி நிற்கிறது. இவர்களும் கைராசி என்ற நம் பழைய தராசில் நிறுத்துப் பார்க்கப்பட்டவர்களே. அமெரிக்காவில் எந்தக் கலாசாலையில் பட்டம் வாங்கினார்கள் என்று கீழவாசலில் யார் கேட்டார்கள்?

கேட்க வேண்டும் என்ற எண்ணம் சட்டத்தின் மூலமாக வந்தது. 1858இல் இங்கிலாந்தில், தேர்ந்த வைத்தியர்களின் பெயர்களை ஒரு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். பம்பாய் 1912இல் அதைப் பின்பற்றியது. சென்னை ராஜதானியில் 1914இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. இனிமேல் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் சட்டப்படி டாக்டர்; சர்க்கார் உத்தியோகமும், செல்லுபடியாகும் சர்ட்டிபிகேட் கொடுக்கும் உரிமையும் அவருக்கே. ஆனால் இதிலே ஒரு வேடிக்கை உண்டு. பதிவு இல்லாதவர் வைத்தியம் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை! லீவு வாங்கக் கொடுக்கும் காகிதத்துக்குக் காவல் போட்டார்கள். குழந்தையின் வாய்க்குள் போகும் மருந்துக்குப் போடவில்லை.

சட்டம் வந்த மறு வருஷமே ஒரு பெரிய ரகளை நடந்தது. டாக்டர் கிருஷ்ணசாமி ஐயர் என்பவர் ஐரோப்பிய முறையில் படித்துப் பட்டம் பெற்றவர். அவர் ஓர் ஆயுர்வேத வைத்தியசாலையோடு சம்பந்தம் வைத்துக்கொண்டார் என்பதற்காக, 1915இல் சென்னை மருத்துவக் கவுன்சில் அவருடைய பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டது. அவர் யாருக்காவது தவறாக மருந்து கொடுத்தார் என்பதல்ல குற்றச்சாட்டு; சேரக்கூடாதவர்களோடு சேர்ந்தார் என்பதுதான். ஜாதிப் பிரஷ்டம் என்பது நமக்குப் பழக்கமான சமாசாரமாதலால், ஜனங்களுக்கு இது உடனே புரிந்துவிட்டது. நாட்டு வைத்தியத்தை ஒழிக்கத்தான் பதிவேடு வந்திருக்கிறது என்று பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது. பிறகு 1921இல் முகம்மது உஸ்மான் தலைமையில் சர்க்காரே ஒரு கமிட்டி போட்டு, சுதேச வைத்தியர்களை விசாரித்து, 1923இல் அறிக்கை வாங்கி, 1925இல் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி ஒன்றைத் திறந்தது. அந்தக் கமிட்டியின் காரியதரிசியான காப்டன் சீனிவாசமூர்த்தி தாமும் ஐரோப்பிய முறை டாக்டர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். அவரை யாரும் அடிக்கவில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: பதிவேடு என்ற யோசனை நல்லது, அது பிறந்த வேளை கெட்டது. நம்முடைய ஜனங்கள் அதைச் சந்தேகத்தோடு பார்க்கும்படி அந்த முதல் வழக்கே செய்துவிட்டது. அதன் பலனைக் குழந்தைகள் அனுபவித்தார்கள். போர் கமிட்டி எண்ணிப் பார்த்தபோது நாடு முழுவதும் பதிவான டாக்டர்கள் 47,500 பேருக்குச் சற்று அதிகம். இவர்களில் பட்டதாரிகள் 17,654 பேர்தான். மீதிப் பேர் எல்.எம்.பி. போன்ற லைசென்ஸ் படிப்புக்காரர்கள். 6,300 ஜனங்களுக்கு ஒரு டாக்டர். அவர்களும் பட்டணத்திலேயே குடியிருந்தார்கள். கிராமத்தில் அந்த இடம் காலியாகவா இருக்கும்? ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் ஊர் திரும்பி ஊசி போட ஆரம்பித்தார். 'பதிவு பெற்ற மருத்துவர்' என்ற பொருளுள்ள ஆர்.எம்.பி. என்ற எழுத்துக்கள், காலக்கிரமத்தில் எந்தப் பட்டமும் இல்லாதவர்களின் போர்டில் ஏறிக்கொண்டன. பதிவு இல்லாதவர் நவீன வைத்தியமே செய்யக்கூடாது என்று நாடு முழுவதற்குமாகச் சட்டத்தில் எழுதியது 1964இல்தான். முதல் சட்டத்துக்கு ஐம்பது வருஷம் கழித்து!

குழந்தைகளுக்கென்று தனி டாக்டர் வந்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். குழந்தை என்பது சின்ன உருவத்தில் உள்ள பெரிய மனிதன் அல்ல, அதன் உடம்பே வேறு கணக்கு என்பதை ஐரோப்பா உணர்ந்து, 1802இல் பாரிஸிலும் 1852இல் லண்டனிலும் தனி ஆஸ்பத்திரிகள் வைத்தது. இங்கே 1929இல் பம்பாயில் வாடியா ஆஸ்பத்திரி; 1933இல் கல்கத்தாவில் டாக்டர் கே. ஸி. சௌதுரி தொடங்கிய குழந்தை மருத்துவப் பத்திரிகை. சென்னையில் டாக்டர் எஸ். டி. ஆச்சார் ஒரு தலைமுறை மாணவர்களுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். அகில இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 1963இல் அமைந்தது. மதுரைக்கு மருத்துவக் கல்லூரி 1954இல் கிடைத்தது. எர்ஸ்கின் பிரபுவின் பெயரால் இருந்து பிற்பாடு ராஜாஜியின் பெயர் பெற்ற பெரியாஸ்பத்திரிதான் அதற்குப் பயிற்சிக்கூடம். கிழக்கே ராமநாதபுரம் வரையில் கைவிடப்பட்ட கேஸ்கள் எல்லாம் இன்றும் அங்கேதான் வந்து சேருகின்றன.

சட்டத்தில் இன்னும் ஓர் ஓட்டை உண்டு. எம்.பி.பி.எஸ். படித்துப் பதிவு செய்துகொண்ட எவரும் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கலாம், குற்றமில்லை. அவசரத்துக்கு அது வேண்டியதும்தான். ஆனால் 'குழந்தை நல மருத்துவர்' என்று போர்டில் இருந்தால், அதற்கு மேற்படிப்பாக டி.ஸி.ஹெச். அல்லது குழந்தை மருத்துவத்தில் எம்.டி. போன்ற ஒன்று இருக்க வேண்டும். டாக்டர் தம் பதிவு எண்ணை வைத்தியசாலையிலும், மருந்துச் சீட்டிலும், பணம் வாங்கிய ரசீதிலும் காட்ட வேண்டும் என்று 2002ஆம் வருஷத்து ஒழுங்கு விதி சொல்லுகிறது. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில், கையிலுள்ள டெலிபோனிலேயே தேடிவிடலாம். அரை நிமிஷ வேலை. மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிற நாம், டாக்டரிடம் எண் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம்! நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சீட்டில் தாமே அச்சடித்து வைத்திருப்பார்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நோய் வருமுன் சேர்த்துவைத்து, வந்தபின் அதிலிருந்து கொடுப்பது என்ற ஏற்பாட்டை ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளிகளுக்குச் செய்தார். நம் பாராளுமன்றத்துக்கு முன்னோடியான சபை 1948இல் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் சட்டம் செய்தது. 1952இல் கான்பூரிலும் டில்லியிலும் அமலாயிற்று. 1955 ஜனவரியில் கோயம்புத்தூருக்கு வந்தது. மதுரை ஹார்வி மில் தொழிலாளியின் குழந்தைக்கு 'இ.எஸ்.ஐ. சீட்டு' என்பது அப்பாவின் சம்பளத்தைப் போலவே பழகிய வார்த்தையாயிற்று. ஆனால் மில்லுக்கு வெளியே வயலில் நின்றவருக்கு அந்தச் சீட்டு இல்லை. அவர் 2009 வரையில் காத்திருந்தார். அவ்வருஷம் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. 2012இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மாறியது; 2018இல் மத்திய சர்க்காரின் திட்டத்தோடு இணைந்தது. இருதயத்தில் ஓட்டையோடு பிறந்த கூலிக்காரரின் குழந்தைக்கு ஆபரேஷன் நடக்கிறது என்றால், அது நம் பாட்டனார் கனவிலும் காணாத விஷயம்.

ஆயினும் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, மூன்று நாள் ஜுரத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற தாய்க்கு, "இது படுக்கையில் சேர்த்தால்தானம்மா" என்ற பதில் கிடைக்கிறது. தனியார் கம்பெனிகளின் பாலிஸிகளிலும் பெரும்பாலும் அப்படியே. பிறந்த குழந்தையை 90 நாள் கழித்துத்தான் சேர்ப்போம் என்பவையும் பல. குழந்தைக்கு ஆபத்து அதிகமான நாட்களே அந்தத் தொண்ணூறுக்குள்தான் இருக்கின்றன. அதனால் விவரமறிந்தவர்கள், பிள்ளைப்பேற்றுக்கு முன்பே பாலிஸியை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே குழந்தையைச் சேர்க்கிற ஷரத்து இருக்கிறதா என்று படித்துப் பார்க்கிறார்கள். பிறகு ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்து, "உங்கள் பெயர் இந்தக் கம்பெனியின் பட்டியலில் இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது என்றால், அதைச் சொன்னவரின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.