வாசலூர்பட்டி ஏரி

வாசலூர்பட்டி ஏரி, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் செம்மேட்டுக்கு அருகே உள்ள சிறிய நீர்நிலை. ‘படகு இல்லம்’ என்பது எழுத்தில் வழங்கும் பெயர். பேச்சில் ‘போட் ஹவுஸ்’தான். பெடல் படகிலும் துடுப்புப் படகிலும் சவாரி உண்டு.

பெயர்பெற்ற மற்ற மலை ஏரிகளின் கதை வேறு. ஊட்டி ஏரி 1820களில் ஜான் சல்லிவன் வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் வெரே லெவிஞ்ச் ஓடையை மறித்து உண்டாக்கியது. அதன் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். இரண்டும் வெள்ளைக்காரர்களின் கோடை வாசத்துக்காக எழுந்த ஊர்களின் ஏரிகள். கொல்லிமலையில் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சி அவர்கள் ஊர் அமைக்கவில்லை. மலை, மலையாளிப் பழங்குடி மக்களிடமே இருந்தது. ஆகவே இங்கே தண்ணீர் பெரும்பாலும் வேடிக்கைக்கு அல்ல, வயலுக்குத்தான். குன்றுகளுக்கு நடுவிலுள்ள பள்ளங்களில் படிப்படியாக நெல் வயல். சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வருகிறவர்களுக்கு இந்த ஏரி சின்னதாகத் தெரியலாம். இந்த மலைக்கு இதுவே பொருத்தமான அளவு.

மலையின் பெருநீர் வேறு பக்கம். அய்யாறு அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடி, சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாயகங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே சமவெளிக்கு இறங்குகிறது. அறுத்த மீனும் உயிர்பெற்றுத் துள்ளியது என்பது அந்தக் கோயிலின் தலவரலாறு. அந்த ஆற்று மீன்களுக்கு இன்றும் பக்தர்கள் பொரி போடுகிறார்கள். அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலிக்காரர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் மலைத்தண்ணீரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஏரிக்கரைதான் வசதி.

காலையில் படகு இறங்குமுன் இத்தகைய மலைக்குளத்தின் கரையில் நின்றால் பார்க்கலாம்: நீர்மேல் ஓடும் பூச்சியின் ஒவ்வொரு கால் நுனியிலும் தண்ணீர்த்தோல் மெல்லக் குழிகிறது, கிழிவதில்லை. முதல் பெடல் சுற்றியதும் அந்தப் பூச்சிகள் கோரைப்புல் ஓரம் ஒதுங்கிவிடும்.

சிறிய ஏரிக்குப் பெரிய பகை வண்டல். கடந்த சில பத்தாண்டுகளில் இந்த மலையில் சாமைக் காடுகள் பல, ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளிக்கு மாறிவிட்டன. கிழங்கு பிடுங்கும்போது மண் புரள்கிறது. அடுத்த மழையில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்து நீரில் தங்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களை மீட்க உழைத்துவருகிறது. அதை உணவுப் பணி என்று மட்டும் சொல்வது போதாது. சாமை அறுவடையில் தாள்தான் அறுபடும். வேர் மண்ணைப் பிடித்தபடி நிற்கும். கரையைக் கல் பதித்து அழகுபடுத்துவதைவிட, மேலே சரிவில் என்ன விதைக்கிறார்கள் என்பதுதான் இப்படிப்பட்ட ஏரிக்கு ஆயுள்.

ஆடியில், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் விழாவுக்குச் செம்மேட்டில் கூட்டம் நிறையும்போது, குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுப் பெற்றோர் கரையில் படகுக்குக் காத்திருப்பார்கள்.